கணப்புக்கு வைத்த கோடைப் பூ

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், துரைமார் கட்டிவிட்டுப் போன ஒரு பங்களா இருந்தது. அதில் குஞ்சரி அம்மா என்று ஒருவர் இருந்தார். மனசு கனத்தவர்கள் மலையேறி வந்து அவரோடு பத்து நாள் தங்குவார்கள். காய் நறுக்குவார்கள், கூட்டிப் பெருக்குவார்கள், சாயங்காலம் கேள்வி கேட்பார்கள். பிறகு இறங்கிப் போவார்கள்.

அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய முதல் சீடர் திருவேங்கடத்துக்கு அறுபத்தொன்று. துணிக்கடை வைத்திருந்தவர், கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வந்து எட்டு வருஷம் ஆகிறது. அவர் இவரை "அம்மா" என்பார். இவர் அவரை "அண்ணே" என்பார். அங்கே அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

மலை வீடு என்பதால் அறைக்கு அறை கணப்பு உண்டு. சுவரைக் குடைந்து கட்டிய அடுப்பு. அதிலிருந்து கூரைவரைக்கும் புகைபோக்கி. அடுப்பு வாய்க்கு மேலே, மார்பு உயரத்தில், நீளமாக ஒரு தேக்குப் பலகை. ஐப்பசி தொடங்கிப் பங்குனிவரை நெருப்பு எரியும். சித்திரை பிறந்தால் சாம்பலை அள்ளிவிட்டுக் கணப்பைக் கோடைக்கு அலங்கரிப்பார்கள். பலகை மேல் பித்தளைக் கிண்ணங்கள், பெரணி இலை, டேலியா. அடுப்புக் குழிக்குள் ஒரு பூஞ்சட்டி.

அந்த வேலை திருவேங்கடத்துடையது. கடை வாசலில் பட்டுப்புடவை மடித்து அடுக்கிய கை அல்லவா, பூவும் அந்தக் கைக்கு அடங்கியது.

ஒரே ஒரு தொல்லை. மேலேயிருந்து கரித்தூளும் குருவி எச்சமும் பூவில் விழும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கோணிப்பை ஒன்றைச் சுருட்டி, புகைபோக்கிக்குள், குனிந்து பார்த்தாலும் தெரியாத உயரத்தில் செருகிவிடுவார். ஐப்பசியில் மறக்காமல் எடுத்துவிடுவார்.

போன ஐப்பசியில் கூடத்துக் கோணியை எடுத்தார். மூலை அறைக் கோணியை மறந்தார். மூலை அறையில் ஆள் தங்குவது அபூர்வம்.

மார்கழியில் நாச்சிமுத்து என்பவர் வந்தார். பொள்ளாச்சிப் பக்கம்; தோப்புகளில் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். மூலை அறையைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குளிர் தாங்கவில்லை என்றார். திருவேங்கடம்தான் சட்டி நிறையக் கனிந்த கரியைக் கொண்டுபோய்க் கணப்பில் கொட்டினார். விறகாக இருந்தால் புகை திரும்பி வந்து சொல்லியிருக்கும். கரி விடும் நச்சுக் காற்று கண்ணுக்குத் தெரியாது; அது சொல்லவில்லை.

மறுநாள் கதவைத் தட்டினார்கள். பிறகு உடைத்தார்கள். நாச்சிமுத்து கட்டிலில் இறந்து கிடந்தார்.

"சன்னலைச் சாத்திக்கொண்டு கரி போட்டுப் படுத்திருக்கிறார்" என்று வந்த போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர் இறந்த நாலாம் நாள் அறையைக் கழுவும்போது திருவேங்கடம் புகைபோக்கிக்குள் கை விட்டார். அங்கே கோணி இருந்தது.

அதை எருக்குழியில் புதைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலக் கேள்வி நேரத்தில் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். வார்த்தை மட்டும் மாறும்.

"அம்மா, தெரியாமச் செஞ்சது பாவமாகுமா?"

"யாரு செஞ்சது?"

"பொதுவாக் கேட்டேம்மா."

"பொதுவா யாரும் எதுவும் செய்யறதில்ல அண்ணே."

அதோடு பேச்சு நின்றுவிடும்.

இன்னொரு பழக்கமும் வந்தது. எந்தக் கணப்பை மூட்டினாலும் முதலில் புகைபோக்கிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவுவார். வெளியே எடுத்தால் கை முழுக்கக் கரி. "அண்ணன் சிம்னிக்குள்ள பூனை வளக்கறாரு, சோறு ஊட்டிட்டு வர்றாரு" என்று சமையல்கட்டில் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவைப்பார்.

பங்குனிக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தாள் எழுதச் சொல்லி யாரோ எழுதியது. கணவர் இருந்த அறையை ஒருதரம் பார்க்க வேண்டும், சித்திரை ஐந்தாம் தேதி வருகிறேன், மதியப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

ஐந்தாம் தேதி விடிந்ததிலிருந்து திருவேங்கடம் மூலை அறையில்தான் இருந்தார். பலகையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார். ஏழு கிண்ணம் வைத்தார். வெள்ளை டேலியா, ஊதா டேலியா, இரண்டு பக்கமும் தரையைத் தொடும் அளவுக்குப் பெரணி. அடுப்புக் குழி வாயே தெரியாதபடி சட்டிகளை அடுக்கினார். எட்டு வருஷத்தில் அவ்வளவு பூ எந்தக் கணப்புக்கும் வைத்ததில்லை.

குஞ்சரி அம்மா வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"நல்லா இருக்கு அண்ணே."

"மனசுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டுமேன்னு..."

"யாரு மனசுக்கு?"

திருவேங்கடம் ஒரு பூவைத் திருப்பி வைத்தார்.

பத்து மணிக்கு மயிலாத்தாள் வந்தார். ஒல்லியான உடம்பு. ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், செம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கணம் கொடுத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

"இந்த ரூமுங்களா?"

"ஆமாம்மா" என்றார் திருவேங்கடம்.

மயிலாத்தாள் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். கணப்பைப் பார்த்தார்.

"கல்யாண ஊடு மாதிரி வச்சிருக்கறீங்க."

மயிலாத்தாள் கட்டிலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். குஞ்சரி அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். திருவேங்கடம் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பொழுதோட போன் பண்ணுனாருங்க. ரொம்பக் குளிருதுன்னாரு. சன்னலச் சாத்திட்டுப் படுங்கன்னு சொன்னனுங்க. சரின்னாரு." மயிலாத்தாள் நிறுத்தினார். "இருவத்திரண்டு வருசத்துல நாஞ் சொல்லி அவரு கேட்டது அது ஒண்ணுதானுங்க."

குஞ்சரி அம்மா அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கத்தைகிட்ட அழுதுட்டே அதைச் சொல்லிப்போட்டேன். அன்னையிலிருந்து அது என் கையில தண்ணி வாங்கிக் குடிக்கறதில்லீங்க. பேரச் சொல்லியும் கூப்புடறதில்ல. சன்னலச் சாத்துனவ எங்கடா, சன்னலச் சாத்துனவள வரச்சொல்லுடான்னு பையன்கிட்டச் சொல்லுது. அவனும் வந்து நிப்பான். ஒண்ணும் பேசமாட்டான்."

"பையனுக்கு எத்தனை வயசு?" என்றார் அம்மா.

"பத்தொம்பதுங்க. அவனும் அப்படித்தான் நெனைக்கறான்."

திருவேங்கடம் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழும் ஒரே வரிசையில் இருந்தன.

குஞ்சரி அம்மா சொன்னார்:

"அண்ணே, கணப்பு மூட்டுங்க."

"சித்திரைலயாம்மா?"

"எனக்குக் குளிருது."

"வெயிலடிக்குதும்மா வெளிய. வேணும்னா கம்பளி எடுத்தாறேன்."

"கணப்பு மூட்டுங்க."

திருவேங்கடம் உட்கார்ந்தார். சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பெரணியை விலக்கினார். கருத்த குழி தெரிந்தது. விறகு வைப்பதற்கு முன்னால், அவர் நினைக்காமலே, அவருடைய வலது கை மேலே போனது. முழங்கை போனது. தோள் போனது. முகத்தை அடுப்பு வாய்ச் சுவரில் சாய்த்துக்கொண்டு துழாவினார்.

"ஏனுங்க, மேல என்னத்தத் தேடறீங்க?" என்றார் மயிலாத்தாள்.

கை அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா தோள்வரைக்கும் உடறீங்க?"

திருவேங்கடம் திரும்பிக் குஞ்சரி அம்மாவைப் பார்த்தார். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவேங்கடம் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேட்டியெல்லாம் கரியானது. பிறகு சொன்னார். குருவி எச்சத்திலிருந்து தொடங்கினார். கோணியைச் சொன்னார். ஐப்பசியைச் சொன்னார். கரிச்சட்டியைத் தானே தூக்கிவந்ததைச் சொன்னார். எருக்குழியையும் சொன்னார்.

"சன்னல் சாத்தியிருந்தாலும் அந்த நச்சுக் காத்து மேல போயிருக்கணும்மா. நான் வழியை அடைச்சு வச்சிருந்தேன்."

மயிலாத்தாள் அழவில்லை. ஏதோ கடையில் விசாரிப்பதுபோல் கேட்டார்.

"எத்தாப் பெரிய கோணிங்க?"

"அரிசிக் கோணி. சின்னது."

"கண்டுபுடிச்சது எப்ப?"

"நாலாம் நாள்."

"நாலாம் நாளு." அவர் விரலை மடித்தார். "கருமாதி பதினாறாம் நாளுங்க. அன்னிக்குத்தான் எங்கத்த எல்லாருக்கும் முன்னால என்னைய அந்தப் பேரு சொல்லிக் கூப்புட்டுது. நாலாம் நாளே ஒரு கார்டு போட்டிருந்தா வந்திருக்குமுங்க."

திருவேங்கடம் குனிந்து அவர் காலைத் தொடப் போனார். மயிலாத்தாள் காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? எந்திரிங்க."

குஞ்சரி அம்மா மெதுவாகச் சொன்னார்:

"இவர் கைய விட்டுத் துழாவறத தை மாசமே பாத்தேம்மா. ஏதோ இருக்குன்னு பட்டுச்சு. தானா வாயத் தொறக்கட்டும்னு இருந்துட்டேன். நீங்க அங்க என்ன படறீங்கன்னு தெரியாம இருந்துட்டேன். அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

மயிலாத்தாள் அவரையும் பார்த்தார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"ரெண்டு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸுங்க. இந்தப் பெரியவரு வந்து எங்கத்தைகிட்டயும் பையன்கிட்டயும் இதைச் சொல்லோணும். நான் போய்ச் சொன்னா, பழிக்குத் தப்பிக்கக் கதை கட்டறேன்னு சொல்லும். எங்க ஊட்டுக்காரரு தம்பிங்க ரெண்டு பேரும் இருப்பாங்க. கோவக்காரங்க. அதையும் சொல்லிப்போடறேன்."

"சாப்பிட்டுப் போலாம்மா" என்றார் குஞ்சரி அம்மா.

"இல்லீங்க."

அவர் போனார். சரளைக்கல் மேல் செருப்புச் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது.

திருவேங்கடம் பூவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"தெரியாமச் செஞ்சதுதானேம்மா?"

இந்தத் தரம் அம்மா யார் என்று கேட்கவில்லை.

"கோணிய மறந்தது தெரியாம. பூ வச்சது?"

திருவேங்கடம் உதிர்ந்து கிடந்த பெரணியை ஒதுக்கினார்.

அம்மா எழுந்து கொடியிலிருந்து அவருடைய துண்டை எடுத்து வந்து கொடுத்தார். அவர் கையைத் துடைத்தார். கரி துண்டுக்குப் போனது, கையிலும் இருந்தது.

"போலீசுக்குப் போவாங்களாம்மா?"

"போகலாம்."

"அடிப்பாங்களா?"

"அடிக்கலாம்."

"நீங்களும் கூட வாங்களேன்."

"நான் வந்தா நீங்க என் பின்னால நிப்பீங்க."

திருவேங்கடம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே. கீழே வளைவில் மயிலாத்தாள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் திரும்பி இங்க வரலாமா?"

குஞ்சரி அம்மாவும் அந்த வளைவைத்தான் பார்த்தார்.

"அவங்க இன்னிக்கு, அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடற வீட்டுக்குத்தான் திரும்பிப் போறாங்க, அண்ணே."