ஒரு பொந்து, ஒரு கணக்கு

மலைக்காட்டில் ஓர் உயரமான நாங்கு மரம் இருந்தது. அதன் பொந்தில் மகுடன் என்ற இருவாச்சியும் அவன் மனைவி தாழையும் குடித்தனம் நடத்தினார்கள்.

இருவாச்சிகளின் குடித்தனமே ஒரு தினுசு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம் இருக்கும். குஞ்சு தேறும்வரை ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டும் பழம்தான் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு.

அந்த ஆண் பறவைக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்? அதற்காகத்தான் அந்தக் காட்டில் ஒரு வரி இருந்தது. எந்த வழியில் தீனி வந்தாலும் பத்தில் ஒரு பங்கைக் குகைக் களஞ்சியத்தில் போட வேண்டும். துணையை இழந்து பொந்துக்குள் கிடப்பவளுக்கு அங்கிருந்து படி போகும்.

கணவன் கணக்கு தனி, மனைவி கணக்கு தனி என்ற பேச்சே கிடையாது. ஒரு பொந்துக்கு ஒரே கணக்கு. அதை இருவரும் தம் வாயால் சொல்ல வேண்டும். பிறை தெரியும்போதெல்லாம் மலைமைனா வந்து கேட்டுக்கொண்டு போகும். ஒருமுறை கேட்டதை, சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும் மைனா அது!

அந்த வருஷம் தாழை பொந்தை அடைத்துக்கொண்ட பிறகு மகுடனுக்கு ஒரு பக்க வேலை கிடைத்தது. மலை அணில்கள் அவனிடம் வந்து கெஞ்சின.

"மகுடண்ணே! நீங்க உச்சிக் கிளையில உட்காருறவர். ராஜாளி வந்தா ஒரு குரல் கொடுங்க. நாங்க ஓடி ஒளிஞ்சுக்குவோம். சும்மா வேண்டாம், பக்கத்து மலையில இருந்து நாங்க சேத்து வச்ச காட்டு ஜாதிக்காயைத் தினமும் தர்றோம்!"

"அதுக்கென்ன, கொடுத்தா போச்சு!" என்றான் மகுடன்.

கத்துவது அவனுக்குச் சிரமமா என்ன? பழம் தேடும் நேரம் போக, மற்ற நேரத்தில் காவல் இருந்தான். சாயங்காலம் அலகு நிறைய ஜாதிக்காய் கிடைத்தது. கொஞ்சத்தைத் தான் தின்றான். மீதியைத் தாழைக்கு ஊட்டினான்.

"அடேயப்பா, ஜாதிக்காயா! இது அந்தப் பக்கத்து மலையிலதானே பழுக்கும்? எனக்காக அவ்வளவு தூரம் பறந்தீங்களா?" என்று தாழை உருகினாள்.

மகுடன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆமாம்" என்றான்.

பிறை தெரிந்தது. மைனா வந்து கிளையில் உட்கார்ந்தது. "என்னப்பா மகுடா, கணக்கைச் சொல்லு. பறிச்சது, பொறுக்கினது, வேலை செஞ்சு வாங்கினது, எல்லாத்தையும் சொல்லு!"

மகுடன் மனசுக்குள் கணக்குப் போட்டான். 'பறித்த பழம்தான் வரும்படி. கத்தியதற்குக் கிடைத்ததெல்லாம் வரும்படி ஆகுமா? அணில்கள் ஆசையாகக் கொடுத்தது. அதற்கும் வரியா?'

"அத்தி, ஆல், நாவல். அவ்வளவுதான் மைனாக்கா" என்றான்.

"ஏம்மா தாழை, நீ என்ன சொல்றே?"

கீறல் வழியாகத் தாழையின் குரல் கணீரென்று வந்தது. "என் வீட்டுக்காரர் ஒரு பழத்தைக்கூட ஒளிக்க மாட்டார்! அவர் சொன்னதே நான் சொன்னது!"

மகுடனுக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மைனா பறந்து போய்விட்டது.

அடுத்த பிறைக்கும் அப்படியே சொன்னான். அப்போது அவ்வளவாகச் சுருக்கென்று இல்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. மலையையே கரைக்கிற மழை. காற்றில் பழமெல்லாம் உதிர்ந்து ஓடையோடு போயிற்று. களஞ்சியத்தின் அடிப்பாறை தெரியத் தொடங்கியது.

மைனா எல்லோரையும் குகை வாசலுக்குக் கூப்பிட்டது. "வல்லியோட புருஷனை ராஜாளி தூக்கிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். அவ பொந்துக்குள்ள குஞ்சோட கிடக்கிறா. அவளுக்குப் படி அளக்கக் களஞ்சியத்துல ஒண்ணுமில்லை. இந்த வருஷம் இவ்வளவு குறைஞ்சது எப்படின்னுதான் புரியலை!"

ஒரு மலை அணில் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தது. அதற்குச் சூதுவாது தெரியாது.

"அக்கா, ஜாதிக்காயை எடுத்துக் கொடுங்களேன்! தினமும் மகுடண்ணனுக்குக் காவல் கூலி கொடுக்கிறோமே. அதுல பத்துல ஒண்ணு போட்டிருந்தாலே ஒரு மூலை நிறைஞ்சிருக்குமே!"

எல்லாத் தலைகளும் மகுடன் பக்கம் திரும்பின.

மைனா அவனைத் திட்டவில்லை. அலகைத் திறந்தது. தாழையின் குரல் அப்படியே வெளியே வந்தது.

"என் வீட்டுக்காரர் ஒரு பழத்தைக்கூட ஒளிக்க மாட்டார்! அவர் சொன்னதே நான் சொன்னது!"

யாரோ ஒரு காட்டுக்கோழி களுக்கென்று சிரித்தது. மகுடனின் கழுத்து தானாகத் தொங்கியது. தன்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தது தாழையின் பேச்சைக் கேட்டு.

"கட்ட வேண்டிய பங்கையும், அபராதமா அதே அளவு இன்னொரு பங்கையும் அந்தப் பொந்து கட்டணும்" என்றது மைனா. "கட்டி முடிக்கிறவரை அந்தப் பொந்துக்கு வர்ற தீனியில பாதி களஞ்சியத்துக்கு!"

"ஐயோ! உள்ளே இருக்கிறவளுக்கு ஒண்ணுமே தெரியாது! என்னை மட்டும் தண்டிங்க!" என்று மகுடன் கதறினான்.

"தெரியாதுன்னு அவ சொல்லலையே மகுடா. உன்னை நம்பி உன் வார்த்தையைத் தன் வார்த்தையாச் சொன்னா. கணக்கு ஒண்ணு. அதை எப்படிப்பா நான் ரெண்டாப் பிளக்கிறது?"



நனைந்த சிறகோடு நாங்கு மரத்துக்கு வந்தான். வழியில் தேடிப் பொறுக்கிய அத்திப்பழம் அலகில் இருந்தது. கீறல் வழியாகத் தாழையின் அலகு ஆசையாக நீண்டது. பழத்தைக் கொடுக்காமல் நின்றான்.

"என்னங்க? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

பழத்தைக் கிளையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அணில்களின் கூலியைச் சொன்னான். பக்கத்து மலைக்குப் போனதாகச் சொன்ன பொய்யைச் சொன்னான். காட்டுக்கோழி சிரித்ததை மட்டும் விழுங்கப் பார்த்தான். பிறகு அதையும் சொன்னான்.

நீண்டிருந்த அலகு மெல்லப் பின்வாங்கியது.

"தாழை! ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்!"

"கிளையில வச்ச பழம் யாருக்கு?" என்று இருட்டிலிருந்து கேட்டாள்.

"உனக்குத்தான்."

"எனக்கு இறங்காது. வல்லிக்குக் கொண்டுபோய்க் கொடுங்க. அவளுக்குக் கொடுத்துட்டு வந்து எனக்குத் தேடுங்க."

மகுடன் கொட்டும் மழையில் பறந்தான். வல்லியின் பொந்துக் கீறலில் அலகை வைத்ததும் உள்ளே ஒரு குஞ்சு ஈனக்குரலில் கத்தியது. வல்லி பழத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"யாரு, மகுடண்ணனா? இந்த மழையில உங்க வீட்டுப் பங்கைக் கொண்டுவந்தீங்களே! உங்க மனசு யாருக்கு வரும்! நீங்க நல்லா இருக்கணும் அண்ணே!"

குகை வாசலில் அத்தனை பேர் முன்னால் பட்ட அவமானம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பறந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அவன் கால்கள் கிளையை விட்டு நகரவில்லை.

"வாழ்த்தாதே வல்லி. இது என் பங்கு இல்லை. உனக்கு எப்பவோ வந்திருக்க வேண்டியது. நான்தான் மறைச்சு வச்சுத் தின்னுட்டேன். உன் படி நின்னது என்னாலதான்."

குஞ்சு பழத்தை விழுங்கும் சத்தம் கேட்டது.

"பிள்ளைக்குப் பசி. அதனால வாங்கிக்கிறேன்" என்றாள் வல்லி. "நாளைக்கும் கொண்டு வாங்க."

அண்ணே என்ற சொல் அதில் இல்லை. மகுடன் "சரி" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தூக்காமல் திரும்பினான். மறுநாளும் கொண்டுபோனான். மழை விட்டு, அபராதம் தீர்ந்து, வல்லியின் குஞ்சு சிறகு முளைத்து வெளியே எட்டிப் பார்க்கும்வரை கொண்டுபோனான்.

இருவர் பேரில் சொல்லும் கணக்கில் ஒருவர் மறைத்தாலும் தலைகுனிவு இருவருக்கும்தான். நம்பிச் சொன்னவரின் தலைகுனிவே மறைத்தவரை அதிகமாகச் சுடும்.