கொட்டலசு தலைகீழாய் நின்ற கதை

அந்தக் காலத்தில் கடலுக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. கொட்டலசுக்கு இருந்த வாயோ கொஞ்ச நஞ்சமல்ல. இன்று பாறையிலும் படகடியிலும் ஓடு போட்டு ஒட்டிக் கிடக்கிறதே, அதே கொட்டலசுதான். அப்போது அது நீந்தித் திரிந்தது. களைத்தால் எங்காவது நெற்றியை ஒட்டிக்கொண்டு தூங்கும், விழித்தால் கழற்றிக்கொண்டு போகும்.

முத்துராக்கு தண்ணீர் வள்ளம் ஓட்டினாள். எதிர்த் தீவில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு ஊறாது. கைக்குழந்தையோடு அங்கே வாழ்ந்த அவள் மகளும் மற்றவர்களும் அவள் கொண்டுபோகும் குடங்களைத்தான் நம்பி இருந்தார்கள். மழை மாதங்களில் மட்டும் வானத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வார்கள். வள்ளம் துறையில் நங்கூரக் கல்லோடு கட்டிக் கிடக்கும்.

அந்த வருஷம் மரம் கெடாமல் இருக்கட்டும் என்று, அடிப்பக்கம் முழுக்க மீனெண்ணெயை வழிய வழியப் பூசிக் கட்டினாள். மரத்துக்கு நல்லதுதான். வாசனை பிடித்து வந்த கொட்டலசுக் கூட்டத்துக்கோ அது கல்யாண விருந்து.

மழை விட்டதும் குடங்களை ஏற்றிப் புறப்பட்டாள். அடியெல்லாம் கொட்டலசு அப்பியிருந்த வள்ளம் நகரவே முரண்டு பிடித்தது. பாதிக் கடல் தாண்டுவதற்குள் நீரோட்டம் திரும்பி அவளைத் துறைக்கே தள்ளிவிட்டது. தீவில் இன்னும் மூன்று நாளுக்குத்தான் தண்ணீர் இருந்தது.

"சுரண்டிட்டு மறுபடி மீனெண்ணெயே பூசுவோம்" என்றான் புருஷன் சாத்தையா.

"எதைப் பூசணும்னு குடியிருக்கிறவன்கிட்டயே கேட்டுட்டாப் போச்சு."

"அதுகிட்டயா? நல்லாக் கேட்ட போ!"

அவள் மூன்று பலகைகளைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் மீனெண்ணெய், ஒன்றில் புன்னை எண்ணெயில் குங்கிலியம் போட்டுக் காய்ச்சிய கசப்புப் பூச்சு.

"ஏலே, ருசி பாக்குறதுல உன்னைய விட்டா ஆளில்லைங்கிறாங்களே, நெசமா?"

கொட்டலசுக்குத் தலைகால் புரியவில்லை. "யாருகிட்ட கேக்குற தாயி?" என்று நெற்றியால் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தது.

"சுண்ணாம்பு லேசாக் கடிக்குது. நாலு நாள்ல கரைஞ்சிரும், தாராளமா இருக்கலாம். மீனெண்ணெய், அடடா! இது... தூ! நெத்தியே காந்துது. எந்தப் பாவி இதுல குடியிருப்பான்?"

"அது போதும்யா" என்று சிரித்தாள் முத்துராக்கு.

மறுநாளே வள்ளத்தைக் கரையேற்றிச் சுரண்டி, தண்ணீர் படும் இடமெல்லாம் அந்தக் கசப்பை இரண்டு தடவை பூசினார்கள். மூன்றாம் நாள் காலையில் குடங்களை ஏற்றி நின்றபோது கொட்டலசு கொதித்துப்போய் வந்தது.

"என் வாயாலேயே எனக்கு வினை வச்சிட்டியே! இனி ஒட்டுனா உசுரு உள்ளவரைக்கும் கழட்ட மாட்டேன். இது சத்தியம்!"

உடம்பில் இருந்த பசையையெல்லாம் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வள்ளத்தின் மேல் பாய்ந்தது. நெற்றி காந்தியது, பிடி வழுக்கியது, நேரே கீழே போய் நங்கூரக் கல்லில் நச்சென்று முட்டியது. இட்ட சத்தியம் இட்டதுதான். தலை கல்லில், கால்கள் மேலே.

முத்துராக்குவுக்குப் பாவமாகிவிட்டது. "கல்லு உனக்கு, வள்ளம் எனக்கு. அந்தக் கல்ல யாரும் சுரண்ட மாட்டோம். காலால அள்ளித் தின்னுக்கோ" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தாள். நீரோட்டம் திரும்புவதற்கு வெகு முன்பே தீவு வந்துவிட்டது. இடுப்பில் பிள்ளையோடு மகள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று முதல் குடத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல்தான் வள்ளக்காரர்கள் அடிமரத்துக்குக் கசப்பைப் பூசுகிறார்கள், நங்கூரக் கல்லை மட்டும் சுரண்டாமல் விடுகிறார்கள். கொட்டலசுக் குஞ்சும் அன்று முதல்தான் ஓர் இடத்தில் ஒட்டுவதற்கு முன் நெற்றியால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, உட்கார்ந்துவிட்டால் பிறகு எழ முடியாது என்று அதற்குத் தெரியும்.