கஸ்பாரின் வாட்ச்

“இதைத் தினமும் கட்டலாமா வேண்டாமான்னு எப்படி டீச்சர் முடிவு பண்றது?”

கேட்டவர் தர்மசீலன். தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனி மேலாளர். வயது ஐம்பத்திரண்டு.

அவருக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் பிரகாசிக்கு முப்பத்தைந்து.

அவர் மணிக்கட்டை நீட்டினார். விலை குறைந்த ஆட்டோமேட்டிக் வாட்ச். முக்குளிப்பவர்கள் கட்டுவது. பேட்டரி கிடையாது. கை அசைந்தால் ஓடும்.

“மூணு வாரமாச் சோதிக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து செகண்ட் வேகமா ஓடுது. இருட்டுல முள் பளிச்சுன்னு தெரியுது. சட்டைக் கைக்குள்ள அடங்குது. கழற்றி வச்சா மட்டும் ரெண்டு நாள்ல நின்னுருது.”

பிரகாசி வாட்சைப் பார்க்கவில்லை.

“மீன்பிடிக்கப் போன வள்ளம் கவிழ்ந்து நாலு நாளா கஸ்பாரைத் தேடுதோம். இன்னைக்கு என்கூட இறங்க ஆள் இல்ல. வாங்க அண்ணாச்சி.”

வள்ளம் கவிழ்ந்த இடத்தில் இருவரும் இறங்கினார்கள்.

அடியில் தண்ணீர் பச்சையாக, மங்கலாக இருந்தது. அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

கால்களை வலை சுற்றியிருந்தது. இடது கை மட்டும் மேலே மிதந்தது. ஒவ்வொரு அலைக்கும் உயர்ந்து தாழ்ந்தது, வா வா என்று கூப்பிடுவதுபோல.

அந்தக் கையில் ஒரு வாட்ச். செகண்ட் முள் சுற்றிக்கொண்டிருந்தது.

மணி பத்து இருபது.

தர்மசீலன் தன் வாட்சைப் பார்த்தார். அதிலும் பத்து இருபது.

அவருக்கு மூச்சு முட்டியது. பிரகாசி அவர் தோளைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள்.

“ஓடுது டீச்சர்! நாலு நாளா எப்படி?”

“கை அசைஞ்சுச்சுல்லா.”

“ஆனா ஆளு…”

“அது வாட்சுக்குத் தெரியுமா?”

உடலைக் கரைசேர்த்தபின், மாலையில் ஆஸ்பத்திரியில் கஸ்பாரின் மனைவி ஜெயசீலியிடம் அவர் வாட்சைக் கொடுத்தார்கள். அவள் அதைக் காதில் வைத்தாள். அழவில்லை.

“ஓடுதுல்லா,” என்றாள். “இது ஓடும்போது அவுகளக் குழியில வைக்க விட மாட்டேன்.”

சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள். பங்குச் சாமியார் வந்து பேசினார். அவள் அசையவில்லை. உடல் ஆஸ்பத்திரிப் பிணவறையிலேயே இருந்தது.

பிரகாசி தர்மசீலனிடம் சொன்னாள்: “அது நிக்கிற வரைக்கும் அவ வீட்டுல இருங்க.”

“இருந்து?”

“இருங்க.”

இருந்தார்.

ஜெயசீலி வாட்சைக் கையைவிட்டு இறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள், தண்ணீர் குடித்தாள், கண்ணயர்ந்தாள். உள்ளங்கைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது.

ஏன் ஓடுகிறது என்று தர்மசீலனுக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளே கேட்டாள்.

“அண்ணாச்சி, நான் பிடிச்சிருக்கதாலதான் ஓடுதா?”

“ஆமாம்மா,” என்றார்.

அவள் வாட்சை மேசைமேல் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை, முள் ஒருமுறை துடித்தது. பிறகு துடிக்கவில்லை.

ஜெயசீலி முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

“குழி வெட்டச் சொல்லுங்க அண்ணாச்சி.”