வரேன்னு சொல்லிட்டுப் போனவங்க

காலை ஆட்டாம படு. அத்தை கதை சொல்றேன், நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா பாதியிலயே நிறுத்திடுவேன், பாத்துக்க.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம். அந்த ஊர்ல பாதி வருசம் பனிதான். அவ பேரு இங்ரித். என்ன சிரிப்பு? உன் பேரைக் கேட்டா அவளும்தான் சிரிப்பா. செடி கொடியைப் பத்திப் படிக்கணும்னு கடல் தாண்டி நம்ம பக்கம் வந்தா. கூட வந்ததுகளும் வெளிநாட்டுப் பிள்ளைங்கதான். ஆனா அதுங்க எல்லாம் ஜோடி ஜோடியா சேந்துக்கிச்சுங்க, இவ ஒத்தையா நின்னா. சாப்பாடும் தனியா, நடையும் தனியா. தமிழ்ல கொஞ்சம் வார்த்தை மட்டும் கத்துக்கிட்டா. வா, போ, இரு, சொல்லு, வரேன், அவ்வளவுதான்.

"ம்."

அப்புறம் ஒருநாள் வாத்தியாரு எல்லாரையும் ரெண்டு ஜீப்புல ஏத்திக்கிட்டு, மலைக்காட்டைக் காட்டக் கூட்டிட்டுப் போனாரு. ட்ர்ர்ர்ன்னு ஏறுது ஜீப்பு. காட்டுக்குள்ள நடக்கையில இவ ஒரு இலை மேல குட்டித் தவளையைப் பாத்தா. பாத்துக்கிட்டே உக்காந்துட்டா. நிமிந்தா ஒருத்தரையும் காணோம். முன் ஜீப்புக்காரங்க பின்னால வாரான்னு நினைச்சாங்க, பின் ஜீப்புக்காரங்க முன்னால போறான்னு நினைச்சாங்க. விளங்காத பசங்க, ஒருத்தருக்குக்கூடவா அவ நினைப்பு வரலை?

வழி தெரியாது. போன்ல சிக்னல் கிடையாது. பொழுது சாயுறதுக்குள்ள யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போகணும்.

அப்போ சரசரன்னு ஒரு சத்தம். தேனெடுக்கிற ஆளு ஒருத்தரு வந்தாரு. "இங்க என்னம்மா பண்ற?" அவரு கேட்டது இவளுக்குப் புரியலை. பேந்தப் பேந்த முழிச்சா. பறவை பாக்க வந்த பொண்ணு போலன்னு நினைச்சுக்கிட்டு, "சரிம்மா, வரேன்"னு சொல்லிட்டு அவரு போயிட்டாரு.

நாம கிளம்புறப்ப போறேன்னா சொல்லுவோம்? சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவா. வரேன்னுதான் சொல்லுவோம். அது அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? அவரு வருவாருன்னு நம்பி, அசையாம உக்காந்திருக்கா.

"வந்தாரா?"

எங்க வந்தாரு. அப்புறம் மாடு பத்திக்கிட்டு ஒரு பெரியவரு வந்தாரு. அவரும் பாத்தாரு, அவரும் "வரேன் தாயி"ன்னாரு, போயிட்டாரு. அப்புறம் சுள்ளிக்கட்டோட ஆவுடைத்தாய்னு ஒரு பொம்பளை. "தனியாவா இருக்க? சரி, வரேன்மா." அவளும் போயிட்டா. மூணு பேரு வரேன்னு சொல்லியிருக்காங்களேன்னு இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா. மழை சடசடன்னு பிடிச்சுக்கிச்சு. அட்டைப்பூச்சி கால்ல ஏறுது. அழுதா. யாரும் கேக்காத இடத்துல அழுறது இருக்கே, அது பாவம்டா.

"ம்."

அப்போ ஆவுடைத்தாய் திரும்பி வந்தா. எதுக்கு? பாறையில மறந்து வச்ச அருவாளை எடுக்க. இவளைக் கூட்டிட்டுப் போக இல்ல. ஆனா அந்தப் புள்ள எந்திரிச்சு ஓடி வந்து அவ கையைப் பிடிச்சுக்கிச்சு. "நீங்க வரேன் சொன்னீங்க. நான் இருந்தேன்."

தான் சொன்ன வரேனை இந்தப் புள்ள நிஜமாவே நம்பிடுச்சுன்னு ஆவுடைத்தாய்க்கு விளங்கிடுச்சு. எடுத்த அருவாளை மெதுவா முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா. "ஆமா தாயி, உன்னைக் கூப்பிடத்தான் வந்தேன்"னா.

கையைப் பிடிச்சு ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. அப்பதான் ஜீப்பு திரும்பி வருது. வாத்தியாரு இறங்கி, "எங்க போய்த் தொலைஞ்ச?"ன்னு அவளையே திட்டுறாரு. தொலைச்சது இவரு, திட்டு அவளுக்கு.

அப்புறம் அந்தப் புள்ள ஜீப்புல ஏறி, ஆவுடைத்தாயையே பாத்துச்சு. ஆவுடைத்தாய் வாயைத் திறந்தா. வரேன்னு சொல்ல வந்து, அப்படியே முழுங்கிட்டா. அந்த வார்த்தையை நம்பி இது இன்னொரு மழையில உக்காந்துடக் கூடாதே. ஆயுசுல ஒருக்காகூட வாயால சொல்லாததை அன்னிக்குச் சொன்னா.

"நான் போறேன் தாயி. எனக்காகக் காத்திருக்காத."

"அத்தை, அப்புறம் அந்த ஆவுடைத்தாய் வரவே இல்லையா?"

இல்லடா. அவதான் போறேன்னு சொல்லிட்டாளே.

கதையும் போயிருச்சு, காடும் போயிருச்சு. கண்ணை மூடு. நான் எங்கயும் போகலை, இங்கதான் படுத்திருக்கேன்.