பிடிச்சிருந்தா ஒரு தட்டு!

ஆற்றோரக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்துவந்தது. அந்த மான்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தின் வாடை பட்டதும் ஒரு மான் முன்னங்காலால் தரையை 'டக்'கென்று தட்டும். அவ்வளவுதான்! மேய்ந்த வாயும் புல்லுமாகக் கூட்டமே தலை தூக்கிக் கத்தும். சிறுத்தையோ பதுங்கி வந்து பழகிய மிருகம். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிவிடும்.

அந்தக் காட்டுக்கு ஒரு கரிச்சான் வந்து சேர்ந்தான். கன்னங்கரேலென்ற பறவை. வாலில் இரண்டு நீளக் கம்பி, ஒவ்வொரு கம்பி நுனியிலும் ஒரு துடுப்பு. யாருடைய குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான். புல்வெளி நடுவில் நின்ற சின்ன நெல்லி மரத்தில் உட்கார்ந்துகொண்டு கூவினான்.

"வாங்க, வாங்க! மேற்குக் காட்டு மயிலுக்குத் தோகை கொட்டிப் போச்சு! கரடி தேன் எடுக்கப் போய் மூக்கு வீங்கி வந்திருக்கு! எப்படி அழுதுச்சு தெரியுமா?"

கரடி மாதிரியே அழுது காட்டினான். இளம் மான்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

"பிடிச்சிருந்தா ஒரு தட்டு தட்டுங்க!" என்றான் கரிச்சான்.

கூட்டத்தில் மருதி என்று ஓர் இளம் பெண்மான் இருந்தாள். எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு என்று குடைகிற குணம் அவளுக்கு.

"அது ஆபத்துக்குத் தட்டுறதாச்சே!" என்றாள்.

"ஐயோ, இன்னும் அங்கேயே இருக்கியா? அது பழைய தட்டு. இது புதுத் தட்டு!"

'டக்!' முதல் ஆளாகத் தட்டினான் அவளுடைய சிநேகிதன் செவலை. 'டக், டக், டக்' என்று மற்றவர்களும் தட்டினார்கள். நம் மருதி மட்டும் சும்மா நிற்பாளா? அவளும் தட்டினாள். நன்றாகத்தான் இருந்தது!

அன்றிலிருந்து விடிந்தால் நெல்லி மரம், பொழுது சாய்ந்தால் நெல்லி மரம். காலடியில் பசும்புல் இருந்தது, குனியத்தான் ஆளில்லை. எல்லோருடைய கழுத்தும் மேலே பார்த்துப் பார்த்து விறைத்துப்போயிற்று. செவலைக்கு ஓர் ஆசை வந்தது. தன்னைப் பற்றியும் சேதி வரவேண்டுமாம்! முள் புதரை ஒரே தாவு தாவினான். பின்பக்கமெல்லாம் முள். கரிச்சான் அதையும் சேதியாகக் கூவினான்.

"எனக்கு எத்தனை தட்டு விழுந்துச்சு, பாத்தியா?" என்று நொண்டிக்கொண்டே மருதியிடம் கேட்டான்.

மருதிக்கோ வேறொரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. 'நாள் முழுக்க வாய் ஓயாம பேசுறானே, இவன் எப்போதான் சாப்பிடுறான்?'

ஒருநாள் அவளுடைய அம்மா ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கக் கிளம்பினாள். பிறந்து சில நாளே ஆன மொச்சை என்ற தம்பி உயரமான புல்லுக்குள் சுருண்டு படுத்திருந்தான்.

"தம்பியைப் பாத்துக்கோ, மருதி. காது அவன் பக்கமே இருக்கட்டும்!"

"சரிம்மா!"

காது கொஞ்ச நேரம் தம்பி பக்கம் இருந்தது. நெல்லி மரத்தடியில் சிரிப்பு கேட்டது. ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது. இன்னொரு காதும் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மருதியே மரத்தடியில் நின்றாள்.

ஆனால் இந்த முறை அவள் கரிச்சானின் வாயைப் பார்க்கவில்லை. மான்களின் கால்களைப் பார்த்தாள். 'டக்!' ஒவ்வொரு தட்டுக்கும் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் துள்ளி எழுந்தன. கரிச்சான் சர்ரென்று இறங்கி ஒன்றை லபக்கென்று பிடித்தான். மறுபடி கிளையில் ஏறி, "அடுத்த சேதி!" என்றான்.

"அட திருடா! தட்டச் சொல்றது இதுக்குத்தானா!" மருதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது காற்று திரும்பியது. சிறுத்தை வாடை! மருதி திரும்பிப் பார்த்தாள். மொச்சை படுத்திருந்த இடத்தை நோக்கிப் புல் மெல்ல மெல்ல அசைந்து போனது.

'டக்! டக்! டக்!' பலங்கொண்ட மட்டும் தட்டினாள்.

"பாருங்க, மருதிக்கு எம்புட்டுப் பிடிச்சிருக்கு!" என்றான் கரிச்சான். மற்ற மான்களும் கூடவே தட்டின.

மருதி தொண்டை கிழியக் கத்தினாள். செவலை மேலே பார்த்தபடியே சொன்னான்: "என்னமா கத்துறான் கரிச்சான்! அசல் மான் குரல்!"

தட்டினாலும் கேட்கமாட்டார்கள், கத்தினாலும் கேட்கமாட்டார்கள். இனி மருதி என்ன செய்வாள்? ஓடிப் போய் நெல்லி மரத்தைத் தலையால் ஒரே முட்டு முட்டினாள்! காய்கள் பொலபொலவென்று கொட்டின. கரிச்சான் அலறிக்கொண்டு பறந்தான்.

புல்வெளி அமைதியானது. எவ்வளவு நாளாயிற்று அந்த அமைதியைக் கேட்டு! அதில் ஒரு சருகு 'சரக்' என்றது. எல்லா மூக்குகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"சிறுத்தை!" என்று கத்தினான் செவலை.

கூட்டமே திரும்பிக் கத்தியது. மொச்சைக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்த சிறுத்தை எழுந்து நின்றது. சும்மா காற்று வாங்க வந்தது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டியது.

மருதி ஓடிப் போய்த் தம்பியை நக்கிக் கொடுத்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

"நான் தட்டினேனே, செவலை! உன்னைத்தானே கூப்பிட்டேன்!"

"உனக்குச் சேதி பிடிச்சிருக்குன்னு நினைச்சிட்டேன்..." என்றான் செவலை.

மறுநாள் காலையில் கரிச்சான் ஒன்றுமே நடக்காதது போல நெல்லி மரத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சூடான சேதி! சிறுத்தை வாய்க்கிட்ட மொச்சை! மருதி எப்படி அலறினா தெரியுமா?"

அப்படியே அவள் குரலில் அலறிக் காட்டினான். அதைக் கேட்ட மொச்சை அக்காதான் கத்துகிறாள் என்று நினைத்துத் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நடுங்கினான்.

"பிடிச்சிருந்தா ஒரு தட்டு!"

பழக்கம் விடுமா? செவலையின் கால் தானாக மேலே எழுந்தது. அந்தரத்தில் நின்றது. நடுங்குகிற மொச்சையைப் பார்த்தான். சத்தமே இல்லாமல் காலை மெல்லக் கீழே வைத்தான்.

யாரும் தட்டவில்லை. ஒரு வெட்டுக்கிளியும் எழவில்லை. வயிறு காய்ந்த கரிச்சான் வெகுநேரம் காத்திருந்துவிட்டு வேறு கூட்டத்தைத் தேடிப் பறந்துபோனான்.

பிள்ளைகளே, வேடிக்கைக்காக நம் கண்ணையும் காதையும் இன்னொருவனிடம் கொடுத்துவிட்டால், ஆபத்து வரும் நேரத்தில் அவை நம்மிடம் இருக்காது.