முயல் சாவி

இது நான் நேரில் பார்த்ததல்ல. அந்த யார்டில் சுமை கட்டும் இசக்கி என் மாமாவிடம் சொன்னது, மாமா என்னிடம் சொன்னது. நடுவில் எது கூடியது, எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது.

தூத்துக்குடிப் பக்கம், காற்றாலைப் பாகங்களை இறக்கி வைக்கும் யார்டு. அங்கே இரும்புப் பட்டையில் நகரும் பெரிய கிரேன் ஒன்று. அதை ஓட்டுவதும் ஓட்டக் கற்றுத்தருவதும் ஜெபமலர். அப்போது வயது இருபத்தொன்பது. கற்க வந்தவர் தவசிமுத்து. நாற்பத்தாறு. இருபது வருஷம் டேங்கர் லாரி ஓட்டியவர்.

தேர்வு இதுதான். நான்கு டன் கான்கிரீட் கட்டையைத் தரைக்கு ஒரு முழம் மேலே தூக்கியபடி நாற்பது மீட்டர் நகர வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்குள். கட்டை ஆடக் கூடாது.

தவசிமுத்து இரண்டு முறை தோற்றிருந்தார். வெள்ளிக்கிழமை மூன்றாவது. அதிலும் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொள்ளலாம் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார்.

கேபினில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல். ஆமையில் வைத்தால் பம்ப் கொஞ்சமாக எண்ணெய் தள்ளும், கிரேன் ஊரும். முயலுக்குத் திருப்பச் சாவி வேண்டும். சாவி ஜெபமலரின் கழுத்துக் கயிற்றில்.

ஆமையில் தவசிமுத்துவுக்குப் பதினேழு நிமிஷம் ஆனது; கட்டை ஆடத் தொடங்கும்போதெல்லாம் நிறுத்தி, அடங்கும் வரை காத்திருந்தார். அதே கட்டை, அதே தூரம், ஜெபமலருக்குப் பதினொன்று.

தவசிமுத்து அதையே யோசித்துக்கொண்டிருந்தார். கீழே நின்றால் சுவிட்ச் தெரியாது. அவள் ஏறும்போது சாவி கழுத்தில் இருக்கிறது. உட்கார்ந்த பிறகு? அவளுடைய தம்பியும் இந்த வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாகக் கேள்வி.

புதன்கிழமை மறுபடியும் பதினேழு. இறங்கினார்.

"அண்ணாச்சி, பொங்கலுக்குள்ள வந்து சேந்துட்டீயளே!" என்றான் இசக்கி.

"வாய மூடுல."

ஜெபமலர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நீங்க ஓட்டுறது முயல்லதான?"

இசக்கி சிரிப்பை நிறுத்தினான். ஜெபமலர் கழுத்துக் கயிற்றைக் கழற்றினாள். சாவியை அவர் கையில் வைத்தாள்.

"சட்டைப் பையில போடுங்க. ஏறி வாங்க."

"வேற சாவி இருந்தா?"

"அதுக்குத்தான் ஏறி வாங்கன்னேன்."

கேபினில் அவள் இருக்கைக்குப் பின்னால் குனிந்து நின்றார். சுவிட்ச் ஆமையில் இருந்தது. தொட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை.

அவள் கட்டையைத் தூக்கினாள். ஆட்டம் நிற்கும் வரை இருந்தாள். பிறகு நகர்த்தும் லீவரை இரண்டு விரல் அளவு தள்ளினாள்.

கிரேன் அசையவில்லை.

"போகலையே" என்றார் தவசிமுத்து.

அவள் கை லீவரிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

"நீங்க தள்ளுவீங்க."

"பின்ன? அசையலைன்னா தள்ளத்தான செய்யணும்? லாரியில அப்படித்தான்."

எண்ணெய் குழாயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கை தானாகவே முன்னால் நீண்டது. அவள் முழங்கையால் தடுத்தாள்.

அப்போது பட்டை உருளத் தொடங்கியது. வெடுக்கென்று இல்லை. கட்டை தொங்கியபடியே கூட வந்தது. ஆடவில்லை. ஆட்டம் அடங்கட்டும் என்று அவள் எங்கும் நிறுத்தவும் இல்லை.

நாற்பது மீட்டர் முடியும் கோட்டை எட்டியபோது கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று. சட்டைப் பையைத் தடவினார். சாவி இருந்தது.

"இதே ஆமைதான். இதே எண்ணெய்தான். அப்ப என் ஆறு நிமிஷம் எங்க போச்சு?"

"முதல்ல தள்ளினதுக்குக் கிரேன் பதில் சொல்லுததுக்குள்ள ரெண்டாவது தள்ளுதீங்கல்ல அண்ணாச்சி, அங்கதான் கிடக்கு."

அவர் சாவியை எடுத்து நீட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை முடிஞ்சு தாங்க."

தவசிமுத்து சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

எழுதும் முன் ஒன்றை மட்டும் போய்ச் சரிபார்த்தேன். ஆமையில் எத்தனை மணி நேரம், முயலில் எத்தனை மணி நேரம் என்று அந்தக் கிரேன் தனித்தனியாகப் பதிந்து வைக்கிறது. ஜெபமலர் பொறுப்பேற்ற நாளிலிருந்து இன்றுவரை முயலில் ஓடியது பூஜ்ஜியம். அதில் கடைசி நான்கு வருஷம், யார்டுப் பதிவேட்டில் ஓட்டுநர் என்ற இடத்தில் தவசிமுத்துவின் பெயர் இருக்கிறது.