மாமன் உட்கார்ந்த இடம்

அந்தக் காலத்தில் மலைகளுக்கும் வாய் இருந்தது. நண்டுகளுக்கு அதைவிடப் பெரிய வாய் இருந்தது.

நடுக்கடலில் ஒரு நெருப்புமலை தனியாக நின்றது. அதன் காலைச் சுற்றி, வெயில் எட்டும் ஆழத்தில், பவளப்பூச்சிகள் வளையமாகக் குடியிருந்தன. மலையை அவை மாமா என்றுதான் கூப்பிடும். அந்தக் குலத்துக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு: தாய் இறந்தால் அவள் எலும்பின்மேல்தான் மகள் வீடு கட்ட வேண்டும். பிறர் தாயின் எலும்பில் கால் வைப்பது பெரும் பாவம்.

ஒருநாள் காலை துகிரி என்ற பவளப்பெண் கண் விழித்தபோது வெயில் மெலிந்திருந்தது. வெயில் இல்லையென்றால் பவளத்துக்குச் சோறு இல்லை.

"மாமா, நீங்கள் தாழ்கிறீர்களா?"

"மலையாவது, தாழ்வதாவது! கடல்தான் கொழுப்பெடுத்து ஏறுகிறது" என்றது மலை. வயிற்று நெருப்பு அணைந்து உடம்பு கனத்துப்போனதை அது யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து காலைப் பார்க்கும் பழக்கம் மலைகளுக்குக் கிடையாது.

காலிச் சங்குகளில் மாறி மாறிக் குடியேறும் நண்டு அந்த வழியாக வந்தது.

"இன்னும் இங்கேதானா, தங்கச்சி? மாமன் தோளுக்கு ஏறிப் போ. மேலே வெயில் கொட்டிக் கிடக்கிறது."

"அம்மா இங்கே இருக்கிறாள்."

"எலும்பாக!"

"எலும்பாகத்தான்."

நண்டின் பேச்சைக் கேட்டுப் பாதிக் குடிகள் மலைச்சரிவில் ஏறின. துகிரி ஏறவில்லை. மாமன் ஒரு விரல் தாழ்ந்தால், தாயின் எலும்பின்மேல் ஒரு விரல் உயரத்துக்குச் சுவர் எழுப்பினாள். ஒருநாள் அயர்ந்தாலும் இருட்டு அவளை விழுங்கிவிடும். மிச்சமிருந்த பெண்களும் அவளைப் பார்த்துக் கட்டினார்கள். கடல் மலையின் மார்பைத் தொட்டது. பிறகு கழுத்தைத் தொட்டது. ஏறியவர்களுக்கோ ஏறவே நேரம் சரியாக இருந்தது; கட்ட நேரமில்லை.

கடைசியில் உச்சிப்பாறை ஒன்றே வெளியே தெரிந்தது. ஏறியவர்கள் எல்லோரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கள் என்னை!" மலை அலறியது. "கடல் ஏறவில்லை. தாழ்வது நான்தான்!"

அவர்கள் பிடியை விட்டு வளையத்தை நோக்கி நீந்தினார்கள். வந்தவர்கள் விளிம்பில் தயங்கி நின்றார்கள். காலடியில் துகிரியின் தாய்.

கீழே இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. துகிரி ஒரு கணம்தான் யோசித்தாள்.

"ஏறுங்கள். அம்மா கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்."

ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் கடல் மூடிக்கொண்டது.

"முதல் நாளே தெரியும், மாமா" என்றாள் துகிரி, இல்லாத மலையைப் பார்த்து. "உங்கள் வாயால் வரட்டும் என்றுதான் இருந்தேன்."

வளையத்தில் நெரிசல். நடுவிலே போய்க் கட்டலாமே என்றது ஒரு குரல்.

"அங்கே வேண்டாம்" என்றாள் துகிரி. "அது மாமன் உட்கார்ந்த இடம்."

பிற்பாடு அலை மணலைக் கொண்டுவந்து வளையத்தின்மேல் போட்டது. எங்கிருந்தோ மிதந்து வந்த தேங்காய் முளைத்தது. நண்டும் குடிவந்து, இருந்த இடத்திலேயே கட்டும் யோசனையே தன்னுடையதுதான் என்று போவோர் வருவோரிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆழ்கடலில் பவளத்தீவுகள் வட்டமாக எழும்புவதும், அந்த வட்டத்துக்கு நடுவே, யாரோ சற்று முன்தான் எழுந்து போனதுபோல, நீர் அலையடிக்காமல் காத்திருப்பதும் அன்று முதல்தான்.